குனிந்த தலை நிமிராதவர்கள்

"விழுந்தா நான்தானே விழப்போறேன், உங்களுக்கு என்னா?"

இப்படிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேட்பவர்கள் முன்பின் தெரியாதவர்கள் இல்லை. இலக்கியக் கூட்டங்களில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர்கள், நல்ல கதை எழுதுபவர்கள், எங்காவது ஒரு மரம் வெட்டப்பட்டால் மனு எழுதிக் கையெழுத்து வாங்குபவர்கள். கூட்டம் முடிந்து ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது மட்டும் அவர்கள் கழுத்து முன்னால் சாய்ந்துவிடுகிறது. பேசிக்கொண்டே வந்தவர் பாதி வாக்கியத்தில் காணாமல் போகிறார். உடம்பு மட்டும் என் பக்கத்தில் நடந்து வருகிறது. 'பார்த்து நடங்க' என்றால் மேலே உள்ள கேள்வி வரும்.

ஒரு காலத்தில் குனிந்த தலை நிமிராமல் நடக்கிற பெண்ணைத் தேடி மாப்பிள்ளை வீட்டார் ஊர் ஊராக அலைந்தார்கள். இன்று காலை எட்டு மணிக்கு கே.எல். சென்ட்ரல் வாசலில் நின்றால் போதும், ஆணும் பெண்ணுமாக ஆயிரக்கணக்கில் கிடைப்பார்கள்.

வேடிக்கை இருக்கட்டும். நடந்துகொண்டே போன் பார்ப்பவர் விழுவது மட்டும்தான் பிரச்சினை என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அவர் பெரும்பாலும் விழுவதில்லை. ஏன் விழுவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? எதிரில் வருபவர் ஒதுங்குகிறார். பின்னால் வருபவர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். பஸ் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். கைக்குழந்தையோடு வரும் அம்மா குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறார். அவர் விழாமல் இருப்பதற்கான வேலையை ஒரு தெருவே சேர்ந்து அவருக்காகச் செய்கிறது, சம்பளம் இல்லாமல். அந்த வேலையைச் செய்ய முடியாதவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். விழுவது அவர்கள்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் நம்மில் பெரும்பாலோருக்கு வாழை இலைச் சோறும் பூமாலையும் தீபாவளிச் சந்தையும்தான். 2010 அக்டோபரில் மலேசியப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் வந்து அதை 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்துப் போனார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது பார்வையற்றவர்கள் வாழும் ஊர். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் அங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் பார்வையற்றவர்கள் நடத்துகிற, வேலை செய்கிற உடம்புப்பிடி நிலையங்கள் வந்தன. அந்தப் பக்கத்து நடைபாதைகளில் மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்களா? சந்தேகம்தான். அவை அலங்காரம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். நீளவாக்கில் கோடுகள் புடைத்திருந்தால் நேராகப் போகலாம் என்று அர்த்தம். வட்டப் பொட்டுகள் புடைத்திருந்தால் நில், முன்னால் சாலையோ படியோ திருப்பமோ இருக்கிறது என்று அர்த்தம். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் உருவாக்கி, 1967இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தது. இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. கால் பாதத்தாலும் கோல் முனையாலும் வாசிக்கிற எழுத்து அது.

வெள்ளைக்கோல் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடமும் வலமுமாகத் தரையைத் தடவிக்கொண்டே போவார்கள். அடுத்த கால் எங்கே விழப்போகிறதோ அந்த இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுப் பார்க்கும். அது தரும் எச்சரிக்கை ஓரிரண்டு எட்டு தூரத்துக்குத்தான். அதற்கு அப்பால் இருப்பதற்குக் காதுதான். இரண்டுக்கும் பிறகு ஒரு நம்பிக்கை வேண்டும்: எதிரில் வருகிற, கண் தெரிகிற மனிதன் என்னைப் பார்ப்பான், விலகுவான். கோலுக்கு வெள்ளை நிறம் அடித்திருப்பதே கண் தெரிகிறவனுக்காகத்தான். கோலைப் பிடித்திருப்பவருக்கு அதன் நிறத்தால் என்ன ஆகப்போகிறது?

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் அங்கே உடம்புப்பிடி நிலையம் ஒன்றில் வேலை செய்கிறார். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே பாதையில் நடந்து போய் வருபவர். பாதை முழுக்க இடைஞ்சல்தான். மஞ்சள் ஓட்டின் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்துவார்கள், அதன் மேலேயே மேசை போட்டுப் பலகாரம் விற்பார்கள். எதையும் அவர் பெரிதாகக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஒருநாள் சொன்னார்:

"நிக்கிற மோட்டார் பரவால்ல தம்பி. அது எங்க நிக்கும்னு ரெண்டு நாள்ல பழகிரும். போன் பாக்குற ஆளு எப்ப எங்க நிப்பான்னு அவனுக்கே தெரியாது."

சென்ற ஆண்டு ஒரு காலையில் வேகமாக வந்த ஒரு பையன் அவருடைய கோலை மிதித்துவிட்டான். மடக்குகிற வகை அலுமினியக் கோல், மூட்டில் வளைந்துபோனது. தோள் இடித்ததில் அவர் நிலை தவறி, நடைபாதை ஓரத்தில் மூடி போடாத கால்வாய் விளிம்பில் கையை ஊன்றி விழுந்தார். "சாரி அங்கிள், பாக்கல" என்றானாம் பையன். "நானும் பாக்கலன்னு சொன்னேன் தம்பி" என்று அண்ணன் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரிக்க வேண்டியிருந்தது. ஊன்றிய மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. உடம்பு பிடித்துவிடுகிறவருக்கு மணிக்கட்டுதான் முதலீடு. எத்தனை பேருக்குப் பிடித்துவிடுகிறாரோ அதற்கேற்ற கூலி. வேலை இல்லை என்றால் வருமானம் இல்லை. அந்தப் பையன் கெட்டவன் இல்லை. ஐம்பது வெள்ளி கொடுக்க வந்தானாம், இவர் வாங்கவில்லை. பையன் திரும்ப நடக்கத் தொடங்கியபோது வீடியோவின் சத்தம் கேட்டதாகவும் சொன்னார்.

இங்கே நம் கவிஞர்களுக்கு ஒரு வார்த்தை. கண் தெரிந்தவன் குருடன், கண் தெரியாதவருக்கு அகக்கண் திறந்திருக்கிறது என்று உடனே எழுதிவிடாதீர்கள். எனக்கு அந்த வகைக் கவிதைகளைக் கண்டாலே எரிச்சல். அண்ணனுக்கு அகக்கண் எதுவும் இல்லை. அவரிடம் ஒரு கோல், இரண்டு காது, வரி வரியாக மனப்பாடம் செய்த ஒரு பாதை. அதில் நீங்கள் போய் நிற்கிறீர்கள், அவ்வளவுதான் விஷயம். அவரும் போன் வைத்திருக்கிறார். திரையில் இருப்பதைக் குரலாக வாசித்துக் காட்டும் வசதியோடு என்னைவிட வேகமாக அதைப் பயன்படுத்துகிறார். நடக்கும்போது சட்டைப் பையில் போட்டுவிடுவார். "காது வேணும்ல" என்பார்.

இந்த நோய்க்கு நாளிதழ்களில் கொடுக்கும் பெயர் கவனச்சிதறல். அந்தச் சொல்லோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. சிதறினால் நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாவது விழுமே. போன் பார்த்து நடப்பவரின் கவனம் எங்கே சிதறியிருக்கிறது? உள்ளங்கை அளவு கண்ணாடியில் சொட்டுக்கூடச் சிந்தாமல் குவிந்திருக்கிறது. ஒரு தவத்துக்கு வேண்டிய அத்தனை ஒருமுகமும் அங்கே உண்டு. தெருவுக்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை.

அமெரிக்காவில் மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஐரா ஹைமன் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள், 2009இல் வெளியானது. வளாகத்தின் நடுவே ஒரு கோமாளி, ஒற்றைச் சக்கர சைக்கிளில் சுற்றி வருகிறார். கடந்து போனவர்களை நிறுத்தி, கோமாளியைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். நண்பரோடு பேசிக்கொண்டு நடந்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பார்த்திருந்தார்கள். போனில் பேசிக்கொண்டு நடந்தவர்களில் பார்த்தவர்கள் நான்கில் ஒருவர். கவனியுங்கள், இது பேசிக்கொண்டு போனவர்கள் கணக்கு. அவர்கள் கண் நிமிர்ந்துதான் இருந்தது. கோமாளி கண்ணில் விழுந்திருக்கிறார், மூளைக்குப் போகவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு நடப்பவருக்குக் கண்ணிலேயே விழுவதில்லை. 'ஓரக்கண்ணால பாத்துக்கிட்டுத்தான் போறேன்' என்று என்னிடம் சொல்பவர்கள் இந்தக் கோமாளியை ஒருமுறை நினைத்துக்கொள்ளவும்.

நம் அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது "பராக்கு பாக்காம வா" என்று திட்டுவார்கள். பராக்கு என்பது அழகான சொல். கவனமில்லாமை என்று அகராதியில் ஒரு பொருள் இருக்கும். ராஜா வரும்போது கட்டியக்காரன் கூவுவானே 'பராக் பராக்', அதற்குக் கவனம் என்று பொருள். நேர் எதிரான இரண்டும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றும். பராக்குப் பார்க்கிற பிள்ளை அம்மாவைக் கவனிக்கவில்லை, சரி. ஆனால் பூக்கட்டுகிறவரின் விரலைப் பார்க்கிறது, கிளி ஜோசியக்காரரைப் பார்க்கிறது, சண்டை போடுகிற இரண்டு பேரைப் பார்க்கிறது, நாய் எதை முகர்கிறது என்று பார்க்கிறது. எழுத வந்த எல்லோரும் ஏதோ ஒரு தெருவில் பராக்குப் பார்த்தவர்கள்தான். மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் தெரு காணாமல் போய்விட்டது, எல்லாம் அறைக்குள்ளேயும் மனதுக்குள்ளேயும் நடக்கிறது என்று போன வருடம் ஒரு கலந்துரையாடலில் ஒருவர் வருத்தப்பட்டார். எப்படி இருக்கும்? எழுதுகிறவர் மோனோரெயிலிலிருந்து இறங்கி வீட்டுக் கதவு வரை தெருவைப் பார்க்கவே இல்லையே. இது என் சொந்தப் புகார். உயிர் போகிற விஷயத்துக்கு நடுவே இதைச் சொல்வது சின்னத்தனமாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

உயிர் போகிற விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் சாலையைக் கடப்பது எப்படி நடக்கிறது? சீப்ரா கோடு போட்டிருப்பார்கள், வண்டி நிற்காது. எல்லோருக்கும் தெரியும். அதனால் நாம் ஒரு முறை வைத்திருக்கிறோம். ஓரத்தில் நின்று, வருகிற வண்டிக்காரரின் முகத்தைப் பார்ப்போம். உள்ளங்கையை அவர் பக்கம் உயர்த்துவோம். அவர் வேகத்தைக் குறைப்பார், லேசாகத் தலையசைப்பார். கை காட்டிக்கொண்டே கடந்துவிட்டு, முடிந்தால் நன்றிக்கு ஒரு சின்னக் கையசைப்பு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இந்தக் கை இல்லை, ஆனால் கோலாலம்பூரில் ஒருநாளைக்கு எத்தனை உயிர் அதன் பலத்தில் மறுபக்கம் போய்ச் சேர்கிறது! அது கண்ணும் கண்ணும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். குனிந்த தலையோடு இறங்குபவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். உயர்த்த வேண்டிய கையில் போன் இருக்கிறது.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள், கஷ்டமில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் போகும். ஒரு குறுஞ்செய்தியை வாசிக்க மூன்று வினாடி என்று வைத்துக்கொள்வோம். வண்டி 42 மீட்டர் வந்துவிட்டது. அதே மூன்று வினாடியில் சாதாரண நடையில் நீங்கள் மூன்றரை மீட்டர் போயிருப்பீர்கள், அதாவது சாலையின் ஒரு தடம் முழுசாக. 'ஓகே லா, வந்துட்டேன்' என்ற செய்தியை வாசித்து முடிக்கும்போது நீங்கள் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறீர்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிற மாமா ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். குடித்தவனைவிட போன் பார்ப்பவனுக்குத்தான் அவர் அதிகம் பயப்படுவார். "குடிச்சவன் ஆடிக்கிட்டு வருவான், தூரத்துலயே தெரிஞ்சிரும், ஸ்லோ பண்ணிருவேன். இவன் ரோட்டோரத்துல ஒழுங்கா நேரா நடந்து வருவான்பா. நல்லவன் மாதிரி. திடீர்னு எறங்கிருவான்." ஒருமுறை அப்படி இறங்கிய பெண்ணுக்காக பிரேக் அடித்ததில் பின் இருக்கையில் இருந்த இரண்டாம் ஆண்டு மாணவன் முன்சீட்டுக் கம்பியில் மோதிப் பல் உடைந்தது. அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நடைபாதையில் ஏறிப் போய்விட்டார். பையனின் பெற்றோரிடம் பதில் சொன்னது மாமா. அவர் ஓட்டுகிறபோது போனைக் கையில் பிடித்தால் சட்டப்படி குற்றம். சரிதான், இருக்க வேண்டியதுதான். அந்தப் பெண்ணின் போனால் உடைந்த பல் எந்தக் கணக்கிலும் வராது.

இப்போது நம் வட்டத்தின் படித்தவர்கள் கையைத் தூக்குவார்கள். எனக்குத் தெரியும். 'பாதசாரியைக் குற்றம் சொல்வதே மோட்டார் கம்பெனிகளின் பழைய தந்திரம்' என்பார்கள். உண்மைதான். பீட்டர் நார்டன் என்ற வரலாற்றாசிரியர் 2008இல் வெளிவந்த தன் நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். 1920களில் அமெரிக்க நகரங்களில் கார்கள் ஆட்களைக் கொன்று குவித்தபோது, தெரு என்பது கார்களுக்கே உரியது என்று நிலைநாட்ட மோட்டார் வணிகம் 'ஜேவாக்கர்' என்ற வசவைப் பரப்பியது. 'ஜே' என்றால் பட்டிக்காட்டான். தெருவில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான் செத்தால் அது அவன் தப்பு. மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளோட்டிகள், அவர்களைப் போன் பார்த்து நடந்தவர்கள் கொல்லவில்லை. வேகமும் மோசமான சாலையும்தான் கொன்றன. அமெரிக்காவிலேயே 2010இல் போனைப் பயன்படுத்திக்கொண்டே நடந்து காயம்பட்டு அவசரப் பிரிவுக்கு வந்த பாதசாரிகள் சுமார் 1,500 பேர் என்று ஒரு மதிப்பீடு. மொத்தப் பாதசாரிகள் காயத்தில் அது நூற்றுக்கு நான்குகூட இல்லை.

நடைபாதையை ஒழுங்காகப் போடாத நகரம் நம்மைக் குறை சொல்ல வருவதும் கேவலம்தான். 2024 ஆகஸ்ட் 23 காலையில் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் எட்டு மீட்டர் ஆழத்துக்குள் போனார். ஒன்பது நாள் தேடினார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. போன் பார்க்காமல் போனால் மட்டும் இந்த நகரம் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் என் சண்டை முடியவில்லை. அந்த நான்கு சதவீதக் கணக்கில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். போனும் கையுமாக நடந்து, தானே அடிபட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். உடைந்த பல் அதில் இல்லை. வீங்கிய மணிக்கட்டு இல்லை. இடித்துவிடுவார்களோ என்று சந்தைக்குப் போவதையே குறைத்துக்கொண்ட பாட்டி இல்லை. காரை எதிர்க்கும் தோழர்களுக்கு இது எப்படித் தெரியாமல் போகிறது? கார்க்காரன் மேல் நாம் வைக்கும் குற்றச்சாட்டு என்ன? பொது இடத்தைத் தன் அறையாக நினைக்கிறான், மெதுவாகப் போகிறவர்களை விலக வைக்கிறான், அவன் வசதியின் விலையை மற்றவர்கள் கொடுக்கிறார்கள். இதில் எந்த வாக்கியம் போன் பார்த்து நடப்பவருக்குப் பொருந்தவில்லை? இரும்பு கொஞ்சம் குறைவு, அதை மறுக்கவில்லை. காருக்கு எதிராகப் பேசும் உரிமை, நடைபாதையில் நாமே சின்னக் காராக மாறாதவரைக்கும்தான்.

நகரங்கள் வேறு இவர்களுக்குச் சேவகம் செய்யத் தொடங்கிவிட்டன. ஜெர்மனியில் 2015இல் இளைஞர் சொல்லாகத் தேர்வானது 'ஸ்மோம்பி', ஸ்மார்ட்போனும் சோம்பியும் சேர்ந்தது. மறு வருடமே அங்குள்ள ஆக்ஸ்புர்க் நகரில் டிராம் நிறுத்தத்தில் சிவப்பு விளக்கைத் தரையில் பதித்தார்கள், குனிந்தவர் கண்ணில் படட்டும் என்று. சீனாவின் சோங்சிங்கில் 2014இலேயே ஒரு சுற்றுலாப் பகுதியில் போன் பார்ப்பவர்களுக்குத் தனி நடைத்தடம் போட்டார்கள். சிங்கப்பூரும் 2017இல் ஆர்ச்சர்ட் சாலையிலும் விக்டோரியா ஸ்ட்ரீட்டிலும் கடக்கும் இடத்தில் தரை விளக்குகளைச் சோதித்துப் பார்த்தது. இதே சிங்கப்பூரில் 2009இல் ஒரு நல்ல காரியமும் தொடங்கியது. முதியவர்கள் தங்கள் அட்டையைக் கம்பத்தில் தொட்டால் பச்சை மனிதன் மூன்றிலிருந்து பதின்மூன்று வினாடி கூடுதலாக எரிவான். முழங்கால் வலிக்கிற தாத்தாவுக்குப் பதின்மூன்று வினாடி. அது நகரம் செய்ய வேண்டிய சேவை. கழுத்தைத் தூக்க மனமில்லாத இருபத்தைந்து வயதுக்காரருக்குத் தரையில் விளக்கு எரிப்பதும் சேவைதான், ஆனால் யாருக்கு, எதற்கு என்று கேட்க வேண்டாமா? அதற்குப் போகும் காசில் எத்தனை மஞ்சள் ஓடு பதிக்கலாம்!

சட்டம் போடச் சொல்கிறேனா? இல்லை. ஹோனலுலுவில் 2017 அக்டோபரிலிருந்து போனைப் பார்த்தபடி சாலையைக் கடந்தால் 15 டாலரிலிருந்து 99 டாலர் வரை அபராதம். ஜப்பானின் யமாத்தோ நகரம் 2020 ஜூலையில் நடந்துகொண்டே போன் பார்ப்பதற்குத் தடை கொண்டுவந்தது, தண்டனை எதுவும் இல்லாமல். எனக்கு யமாத்தோவின் வழி பிடித்திருக்கிறது. இங்கே சம்மன் என்று வந்தால் அது யார் கையில் முதலில் கொடுக்கப்படும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அலுவலகக் கழுத்துப்பட்டை போட்டவர் கையில் இல்லை.

சொல்லப்போனால், சம்மன் வாங்கப்போகிற அந்த ஆட்கள்தான் ஒழுங்காக நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவரிசையின் அஞ்சடியில் பாருங்கள். வங்காளதேசத்துத் தொழிலாளிகள், தமிழ்நாட்டிலிருந்து உணவகத்தில் வேலைக்கு வந்தவர்கள், சுவரோரம் குந்தியோ தூணில் சாய்ந்தோ வீடியோவில் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பார்கள். வாரத்தில் கிடைக்கும் ஒரு மணி நேரம். நடந்துகொண்டே பேச அவர்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் நின்றுதான் பேசுகிறார்கள். இடித்துவிட்டால் யார் மேல் பழி விழும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 'பாஸ் வாட்சப் பண்றாரு, உடனே பதில் போடணும்' என்று என்னிடம் சொல்லும் நண்பர்கள் அந்த அஞ்சடிப் பக்கம் ஒருமுறை போய் வரட்டும். வேலை நேரத்துக்கு வெளியே செய்தி அனுப்புகிற முதலாளியோடு சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். அதுவரை ஓர் ஓரமாக நின்று பதில் எழுதினால் ஆகிற தாமதம் இருபது வினாடி.

நிற்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மின்படிக்கட்டு முடிகிற இடத்தில், ரயில் கதவுக்கு நேராக, படிக்கட்டின் வாயில் நிற்காதீர்கள். மஞ்சள் ஓட்டின் மேல் நிற்கவே நிற்காதீர்கள். தூண் இருக்கும், கடை வாசல் ஓரம் இருக்கும், அங்கே நில்லுங்கள்.

இந்த இதழைப் போன்ற இணைய இதழ்களைப் பெரும்பாலோர் போனில்தான் வாசிக்கிறீர்கள். எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் வாசிக்கலாம் என்று நாமே பெருமையாகச் சொல்லித்தான் இணைய இதழ்களை வளர்த்தோம். ஒரு வாசகர் சமீபத்தில் ஓர் எழுத்தாளரிடம், 'உங்க கதைய ஸ்டேஷன்லேர்ந்து ஆபீஸ் போறதுக்குள்ள நடந்துகிட்டே படிச்சு முடிச்சிட்டேன் சார்' என்று சொல்ல, எழுத்தாளர் மகிழ்ந்துபோய் அதை முகநூலில் போட்டார். அறுபது பேர் விரும்பினார்கள். எனக்கு அந்தக் கதையை நினைத்தும் பாவமாக இருந்தது, அந்த நடைபாதையில் எதிரில் வந்தவர்களை நினைத்தும் பாவமாக இருந்தது. இப்போது இதை நடந்துகொண்டே வாசிப்பவர் யாராவது இருந்தால் தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிடுங்கள். மீதியை உட்கார்ந்து வாசிக்கலாம், எங்கேயும் ஓடிப்போகாது.

மீதி கொஞ்சம்தான் இருக்கிறது. மணிக்கட்டு சரியான பிறகு அண்ணன் புதுக்கோல் வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். அவருடைய நிலையம் திறப்பது பத்து மணிக்கு. வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிடம். முன்பெல்லாம் ஒன்பதரைக்குக் கிளம்புவார், போகிற வழியில் ஒட்டுக்கடையில் ஒரு தேத்தண்ணி குடிப்பார், மாலை கட்டுகிற அக்காவிடம் பேசுவார். இப்போது ஆறரைக்கே கிளம்பிவிடுகிறார். அந்நேரத்துக்குக் கே.எல்.லில் இன்னும் விடிந்திருக்காது, வண்டிக்காரர்களுக்கு அவரைச் சரியாகத் தெரியாது. அதற்காகக் கோலில் ஒளிரும் பட்டை ஒட்டி வைத்திருக்கிறார். ஏழு மணிக்குள் நிலையத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறார். இரும்புக் கதவு மூடியிருக்கும். அஞ்சடியில் யாரோ போட்டு வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில், கோலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏழரைக்கு மேல ரயிலு ஆளுங்க எறங்க ஆரம்பிச்சிருவாங்க தம்பி," என்றார். "அதுக்குள்ள வந்து ஒக்காந்துரணும்."